ஹார்னர் போயாச்சு, அடுத்து எந்த சீட் காலி?

பேரேடு | தேவகோட்டை | 9 ஜூலை 2025, இரவு 8:50

மதியம் சாப்பிட்டு முகப்பில் கண் அசந்த நேரம். பேரன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "ஐயா, ஹார்னரைத் தூக்கிட்டாங்க!" யார் தூக்கியது என்று கேட்டேன். "ரெட் புல்தான்" என்றான். ரெட் புல் என்று ஒரு ஆள் கிடையாதே, அதில் யார் என்று திரும்பக் கேட்டேன். விழித்தான். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த இழை.

கிறிஸ்டியன் ஹார்னர் 2005 ஜனவரியில், 31 வயதில், ரெட் புல்லின் ஃபார்முலா 1 (எஃப் 1) கார் பந்தய அணித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர். இருபது வருடத்தில் எட்டு ஓட்டுநர் பட்டம், ஆறு அணிப் பட்டம். ஞாயிற்றுக்கிழமை சில்வர்ஸ்டோன் பந்தயத்தில், அணி நிர்வாகிகள் உட்காரும் பிட் சுவரில் இருந்தார், புதன்கிழமை ஆள் இல்லை. அவர் இடத்துக்கு லோரன் மெக்கீஸ், தங்கை அணியான ரேசிங் புல்ஸிலிருந்து. அங்கே காலியான இடத்துக்கு ஆலன் பெர்மேன். அறிக்கையில் நன்றியெல்லாம் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார்கள், காரணம் மட்டும் இல்லை.

என் ஐயா பினாங்கில் ஒரு கடையில் மேலாளாக இருந்தவர். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகுதான் மேலாள். அந்த ஊர்க்காரர்களுக்கு அவரே முதலாளி மாதிரி. பெட்டிச் சாவி அவர் இடுப்பில், கடன் கொடுப்பதும் மறுப்பதும் அவர் வாயில். நிஜ முதலாளி தேவகோட்டையில் ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பார். மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் மேலாள் கப்பலேறி வந்து ஐந்தொகையை அவர் முன்னால் வைக்க வேண்டும். திரும்பப் போவதா இல்லையா என்பது அதற்கப்புறம். முதலாளி இருக்கிறவரை இதில் சிக்கல் இல்லை. அவர் கண்ணை மூடி, பங்காளிகள் இரண்டு பக்கமாக நின்றால் மேலாள் பாடு திண்டாட்டம். யார் கடிதத்துக்கு முதலில் பதில் எழுதுவது?

ரெட் புல் பானக் கம்பெனி 1984-ல் இரண்டு பேர் போட்ட கூட்டு. தாய்லாந்தின் சாலியோ யூவித்யா 49 சதவீதம், ஆஸ்திரியாவின் டீட்ரிஷ் மாட்டஷிட்ஸ் 49, மிச்சம் 2 சாலியோவின் மகன் சாலெர்முக்கு. பெரும்பான்மை தாய்லாந்தில், நடத்தியது ஆஸ்திரியாவில். சாலியோ 2012-ல் போனார், மாட்டஷிட்ஸ் 2022 அக்டோபரில். ஹார்னருக்குத் தலைவலி தொடங்கியது 2024 பிப்ரவரியில். ஊழியர் ஒருவர் புகார் கொடுத்தார், ஹார்னர் மறுத்தார், கம்பெனி விசாரணை புகாரைத் தள்ளுபடி செய்தது. அப்போது தாய்லாந்துப் பக்கம் அவருக்குத் துணை நின்றது, ஆஸ்திரியப் பக்கம் நிற்கவில்லை என்றுதான் பத்திரிகைகள் எழுதின. இன்று அந்தத் துணை எங்கே போயிற்று? அது தெரிந்தால் அடுத்து எந்த சீட் காலி என்பதும் தெரியும். சொல்லுங்கள்.

டைம்பாஸ் டர்போ | பள்ளத்தூர், இப்போது சென்னை | 9 ஜூலை, இரவு 9:14

ஐயா, கதை அருமை. ஆனால் பினாங்கு வரைக்கும் கப்பல் ஏற வேண்டாம். ரெட் புல் ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் மெர்சிடீஸ் அணிக்குப் போகிறார், முடிந்தது. மேக்ஸோடு பேச்சு நடக்கிறது என்று மெர்சிடீஸ் ஓட்டுநர் ரஸ்ஸல் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். அந்த ரஸ்ஸலுக்கு 2026-க்கு இன்னும் ஒப்பந்தம் இல்லை. ஒன்றும் ஒன்றும் இரண்டு. மேக்ஸைப் பிடித்து வைக்கத்தான் ஹார்னரை அனுப்பினார்கள், அதுவும் பலிக்காது.

நான் தோற்றால் இந்த இழையில் எழுதுகிற எல்லோருக்கும் தலைக்கு ஒரு கிலோ தேன்குழல். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேன்குழல் | காரைக்குடி | 9 ஜூலை, இரவு 9:31

எடுத்தாச்சு தம்பி. ஆர்டர் என் கடைக்குத்தான் வரவேண்டும், சொல்லிவிட்டேன்.

எனக்கு ஹார்னர் இருந்தால் என்ன, போனால் என்ன. ஞாயிற்றுக்கிழமை ஃபெராரி ஓட்டுநர் ஹாமில்டன் மூன்றாவது வருவார் என்று உட்கார்ந்திருந்தேன். ராத்திரி ஏழரைக்குப் பந்தயம், அடுப்பில் எண்ணெய், கையில் அச்சு, மாவு டப்பாவுக்குச் சாய்த்து வைத்த போன். முன்னால் சாபர் அணியின் ஹல்கன்பர்க். எட்டிப் பிடித்துவிடுவார் பிடித்துவிடுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு ஈடு கருகிப் போயிற்று. கடைசியில் ஹாமில்டன் நாலாவது. முதல் மூவர் ஏறும் மேடை ஹல்கன்பர்க்குக்கு 239-வது பந்தயத்தில்தான் முதல்முறை. அந்த மனுஷனைத் திட்டவும் மனசு வரவில்லை.

ஸ்பானர் | காரைக்குடி, கல்லுக்கட்டி | 9 ஜூலை, இரவு 10:20

முதலாளி சண்டை இருக்கட்டும். காருக்கு என்ன ஆச்சு என்று யாராவது பார்த்தீர்களா?

ரெட் புல்லில் கார் வடிவமைத்த ராப் மார்ஷல் 2024 தொடக்கத்தில் மெக்லாரன் அணிக்குப் போனார். கார் வரைவதில் பேர்போன ஏட்ரியன் நியூவி 2024 மே 1 அன்று விலகல் சொன்னார், ஆஸ்டன் மார்ட்டின் அணிக்குப் போகிறார் என்று செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. பந்தய நடுவே டயர் மாற்றுகிற பிட் ஸ்டாப்பை மணிக்கூடு மாதிரி ஓட வைத்த ஜோனதன் வீட்லி இப்போது சாபரில். 2023-ல் ரெட் புல் 22 பந்தயத்தில் 21 ஜெயித்தது. இந்த வருடம் 12-ல் 2. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நான் பட்டறை போடுவதற்கு முன் வெளியூரில் ஒரு ஷோரூம் சர்வீஸில் எட்டு வருடம் இருந்தேன். பெயர் வேண்டாம். சர்வீஸ் மேனேஜரை மாற்றினார்கள். முதல் மாதம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் ஹெட் மெக்கானிக் நின்றார், அடுத்த வாரமே எலெக்ட்ரீஷியன். யாரும் சண்டை போடவில்லை, கத்தவில்லை. ஒரு நாள் டூல் ரூமுக்குப் போனால் டார்க் ரெஞ்ச் தொங்கிய ஆணியில் யாரோ காலண்டர் மாட்டியிருந்தார்கள். ரெஞ்ச் எங்கே என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்குத்தான் ஊருக்கே வந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பெரிய ஆள் போவது செய்தியில் வரும் அண்ணே. ஆணி காலியாவது வராது.

மேக்ஸ் விஷயத்துக்கும் விடை எஞ்சினில்தான். 2026-ல் விதி மொத்தமும் மாறுகிறது, சக்தியில் ஏறக்குறைய பாதி மின்சாரம். இப்போது ரெட் புல்லுக்கு எஞ்சின் தருகிற ஹோண்டா ஆஸ்டன் மார்ட்டினுக்குப் போகிறது, ரெட் புல் ஃபோர்டோடு சேர்ந்து முதல்முறையாகச் சொந்த எஞ்சின் செய்கிறது. கடந்த முறை எஞ்சின் விதி மாறிய 2014-ல் மெர்சிடீஸ் 19-ல் 16 பந்தயம் ஜெயித்தது. அந்த நினைப்புதான் இந்த வதந்திக்கெல்லாம் தீனி. ஆனால் 2026-ல் யார் எஞ்சின் நன்றாக இருக்கும் என்று இன்றைக்கு எவனுக்கும் தெரியாது. தெரியாமல் மேக்ஸ் ஏன் தாவ வேண்டும்?

நடுமாடு | சிராவயல் பக்கம் | 10 ஜூலை, காலை 6:45

எல்லோரும் சாரதியை மறந்துவிட்டீர்கள்.

எங்கள் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் மைக்கில் முதலில் வருவது மாட்டுக்காரர் பேரும் ஊரும். சாரதி பேர் கடைசியில்தான். ஆனால் பந்தயம் முடிந்து டீக்கடையில் பேச்சு எல்லாம் சாரதியைப் பற்றி. கயிற்றை எங்கே இளக்கினான், திரும்புகிற இடத்தில் எந்தப் பக்கம் ஒதுக்கினான். நல்ல சாரதி இருக்கிறான் என்றால் நாலு மாட்டுக்காரர் வீட்டில் அவனுக்குச் சாப்பாடு தயார்.

ரெட் புல் கணக்கைப் பாருங்கள். சில்வர்ஸ்டோன் வரை அணிக்கு 172 புள்ளி. அதில் 165 மேக்ஸ் எடுத்தது. மிச்சம் 7 இரண்டாவது ஓட்டுநர் சுனோடா. ஒரு மாடு இழுக்கிறது, இன்னொரு மாடு நுகத்தில் தொங்கிக்கொண்டு வருகிறது. போன வருடம் அந்த இரண்டாவது இடத்தில் இருந்த பெரஸ் ஓட்டுநர் பட்டியலில் எட்டாவது. இந்த வருடம் லாசனைப் பூட்டினார்கள், இரண்டே பந்தயத்தில் அவிழ்த்துவிட்டார்கள். புது மாட்டை நுகத்தில் பழக்காமல் ரோட்டில் இறக்கினால் கால் பின்னத்தான் செய்யும். ஹார்னர் போனது இந்தக் குற்றத்துக்குத்தான் என்பேன்.

அஜித் வெறியன் | மானகிரி | 10 ஜூலை, காலை 7:02

தல துபாய் 24 மணி நேர ரேஸில் மேடை ஏறினதைப் பற்றி யாராவது பேசுங்கப்பா.

மட்டுறுத்துநர் | 10 ஜூலை, காலை 7:30

அதற்குத் தனி இழை இருக்கிறது தம்பி, 40 பக்கம் ஓடிவிட்டது. இங்கே வேண்டாம்.

பேரேடு | 10 ஜூலை, காலை 10:05

ஸ்பானர் தம்பி, ஆணிக் கதையை இரண்டு முறை படித்தேன். ஆனால் அந்த மேனேஜரை மாற்றியது யார்? அதை நீங்கள் எழுதவில்லை. நியூவி ஏன் போனார்? 2024 பிப்ரவரிக் குழப்பத்துக்கும் மே அறிவிப்புக்கும் நடுவில் மூன்று மாதம்கூட இல்லை. காரணம் ஒன்றுதான் என்று நான் சாதிக்கவில்லை. வரிசையைப் பாருங்கள் என்கிறேன்.

நடுமாடு சொல்வதில் பாதி சரி. சாரதி வீட்டாரும் சும்மா இல்லை. 2024 மார்ச்சில் பஹ்ரைனில், மேக்ஸ் ஜெயித்த அன்றைக்கே, அவர் அப்பா யோஸ் பத்திரிகையிடம் ஹார்னர் இருந்தால் அணி பிளவுபட்டுவிடும் என்று சொன்னார். சாரதியின் அப்பா வந்து மாட்டுக்காரர் வீட்டு முற்றத்தில் நின்று சத்தம் போட்டது மாதிரி. ஆனால் அதற்குப் பிறகும் 16 மாதம் ஹார்னர் இருந்தாரே! ஓட்டுநர் கேட்பதால் மட்டும் ஆள் போவதில்லை. பெட்டி யாருடையதோ அவர் தலையாட்ட வேண்டும்.

பெட்டி கை மாறினால் சீட் எப்படி மாறும் என்பதற்கு நம் நாட்டுச் சம்பந்தமுள்ள உதாரணமே இருக்கிறது. ஃபோர்ஸ் இந்தியா. 2008-ல் மல்லையாவின் அணியாகக் களம் இறங்கியது. 2018 ஜூலையில் கடன் தாங்காமல் நிர்வாகி கையில் போனது. வழக்குப் போட்டது யார்? அதே அணியின் ஓட்டுநர் பெரஸ். அவருக்கே சம்பளப் பாக்கி. அணியை இழுத்து மூடாமல் காப்பாற்ற, நானூறு பேர் வேலை போகாமல் இருக்க, அதுதான் வழி என்றார். பிறகு லாரன்ஸ் ஸ்ட்ரோல் கூட்டணி வாங்கியது. 2019-ல் அவர் மகன் லான்ஸ் அந்த சீட்டில். நன்றாக ஓட்டிக்கொண்டிருந்த ஓகான் ஒரு வருடம் சீட் இல்லாமல் நின்றார். 2020 முடிவில், அணியைக் காப்பாற்றிய பெரஸையே அனுப்பிவிட்டு வெட்டலைக் கொண்டுவந்தார்கள். இன்றைய ஆஸ்டன் மார்ட்டின் அதுதான். மகன் இன்னும் அதே சீட்டில்.

துபாய் பங்காளி | கோட்டையூர், இப்போது துபாய் | 10 ஜூலை, மாலை 5:40

குழப்பம் என்றால் ரெட் புல்லைவிட அல்பீன் அணி அல்லவா முன்னோடி. 2023 ஜூலையில் பெல்ஜியம் பந்தய வாரத்தில் அணித் தலைவர் சாஃப்னாவர் போனார். அப்புறம் ஃபமான். அப்புறம் ஓக்ஸ், அவரும் இந்த மே மாதம் ராஜினாமா. இப்போது பிரியாட்டோரே கையில் எல்லாம். மியாமி பந்தயம் முடிந்ததும் ஓட்டுநர் டூஹனை இறக்கிவிட்டுக் கொலபிண்டோவை ஏற்றினார்கள், பாவம் பையனுக்கு இந்த சீசனில் ஆறே பந்தயம்.

2022-ல் நடந்தது இன்னும் கூத்து. வெட்டல் ஓய்வு என்றார். நாலு நாளில் அலோன்சோ அல்பீனை விட்டு ஆஸ்டன் மார்ட்டின். மறுநாள் அல்பீன், எங்கள் அடுத்த ஓட்டுநர் பியாஸ்ட்ரி என்று அறிவித்தது. அன்று ராத்திரியே பியாஸ்ட்ரி, நான் ஓட்டப்போவதில்லை, என் சம்மதம் கேட்காமல் போட்டிருக்கிறார்கள் என்று மறுத்தார். நிச்சயதார்த்தப் பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்த பிறகு, பெண் நான் யாருக்கும் சரி சொல்லவே இல்லையே என்ற கதை. ஒப்பந்த அங்கீகார வாரியம் உட்கார்ந்து ஓலையைப் பார்த்தது. செல்லுபடியான கையெழுத்து மெக்லாரனிடம். அந்தப் பையன்தான் இன்று பட்டியலில் முதலில் நிற்கிறான்.

டைம்பாஸ் டர்போ | 10 ஜூலை, இரவு 11:50

அதனால்தான் சொல்கிறேன், ஒப்பந்தத்தை யாரும் நம்பாதீர்கள். மேக்ஸுக்கு 2028 வரை என்கிறார்கள். ஹாமில்டன் 2023 ஆகஸ்டில் மெர்சிடீஸில் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார், அஞ்சு மாதத்தில் ஃபெராரி. ஓலையில் எப்போதும் ஒரு ஓட்டை இருக்கும்.

தேன்குழல் | 11 ஜூலை, காலை 5:20

எங்கள் ஹாமில்டனை எதற்கு இழுக்கிறாய் தம்பி.

பேரேடு | 28 ஜூலை, காலை 9:15

ஓட்டை அடைபட்டது, டர்போ தம்பி. கணக்கைக் கேளுங்கள்.

மேக்ஸின் ஒப்பந்தத்தில் ஒரு விலகல் நிபந்தனை இருப்பதாக எல்லாப் பக்கமும் எழுதுகிறார்கள்: ஹங்கேரி முடியும்போது ஓட்டுநர் பட்டியலில் முதல் மூன்றுக்கு வெளியே இருந்தால் அவர் கிளம்பலாம். ஓலையை நான் பார்த்ததில்லை, எழுதியவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள். உண்மை என்றே வைத்துக்கொள்வோம். சில்வர்ஸ்டோன் முடிந்தபோது மேக்ஸ் 165, நாலாவது ரஸ்ஸல் 147. பெல்ஜியத்தில் ஸ்பிரிண்ட் என்கிற குட்டிப் பந்தயத்தில் மேக்ஸ் முதல், 8 புள்ளி. பெரிய பந்தயத்தில் நாலாவது, 12. ஆக 185. ரஸ்ஸல் ஐந்தாவது, 10 வாங்கி 157. இடைவெளி 28. ஹங்கேரியில் ஸ்பிரிண்ட் இல்லை, வேகமான சுற்றுக்குப் புள்ளி இந்த வருடம் எடுத்துவிட்டார்கள். ஒருவர் அதிகபட்சம் வாங்கக்கூடியது 25.

மேக்ஸ் ஹங்கேரியில் ரூமிலேயே படுத்துத் தூங்கினாலும் மூன்றாவதுதான்.

டைம்பாஸ் டர்போ | 31 ஜூலை, இரவு 10:02

சரி. மேக்ஸ் இன்று புடாபெஸ்டில் வாய் திறந்து சொல்லிவிட்டார், 2026-ல் ரெட் புல்தான். அடங்கிப் போகிறேன். ஆனாலும் ஸ்கோர் போர்டு பார்த்து அவர் இருந்தார் என்பதை நான் நம்பமாட்டேன். ஹார்னரை அனுப்பியதால்தான் இருந்தார்.

இன்றைக்கே ஃபெராரி தன் அணித் தலைவர் வாஸருக்கும் ஒப்பந்தத்தை நீட்டிவிட்டது. ஜூனில் இத்தாலியப் பத்திரிகைகள் அவரைக் கிட்டத்தட்ட வழியனுப்பியே வைத்திருந்தன. நான் எழுதி வைத்திருந்த பாதிப் பதிவு வீண்.

ஸ்பானர் | 31 ஜூலை, இரவு 10:30

ஃபெராரியில் அது ஆச்சரியம். டோட் போன பிறகு டொமெனிக்காலி, மட்டியாச்சி, அரிவபேனே, பினோட்டோ, இப்போது வாஸர். ஓட்டுநர் பட்டம் கடைசியாக 2007, அணிப் பட்டம் 2008. ஒவ்வொரு முறையும் ஓட்டுகிற காரை விட்டுவிட்டு ஹாரனை மாற்றிப் பார்க்கிறார்கள். இந்த முறை ஒருவரை இருக்க விட்டிருக்கிறார்கள், பார்ப்போம்.

தேன்குழல் | 3 ஆகஸ்ட், காலை 11:10

நேற்று ஹங்கேரித் தகுதிச் சுற்றுக்குப் பிறகு ஹாமில்டன் பேசியதைக் கேட்டீர்களா? அதே ஃபெராரியில் லெக்லேர் முதலிடம், இவர் 12-வது. நான் உதவாதவன், அணி வேறு ஓட்டுநரைப் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார். ஏழு பட்டம், 105 வெற்றி வாங்கிய வாய் அது. நான் போனை அணைத்துவிட்டுச் சீப்புச் சீடைக்கு மாவு சலிக்கப் போய்விட்டேன். ஆடிப் பதினெட்டு இன்றைக்கு, வீட்டில் ஆள் நிறைய. யாரிடமும் சொல்லவும் முடியாது, உனக்கு எதற்கு ஆச்சி இந்தக் கவலை என்பார்கள்.

நடுமாடு | 3 ஆகஸ்ட், பகல் 1:30

ஆச்சி, பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டு மாட்டை ஓட்டிய கை. வேறு வீட்டுக்குப் போனால் அந்த மாட்டுக்கு வேறு குரல், வேறு சுண்டு. பிரேக் பிடிப்பதிலும் எஞ்சின் பிரேக்கிங்கிலும் பழக்கத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது என்று அவரே சொன்னார். எங்கள் ஊரில் ஒரு பெரிய சாரதி இப்படி மாறிப் போய், மூன்று பந்தயம் தொடர்ந்து கடைசி. நாலாவதுக்கு முன் பத்து நாள் மாட்டுக்காரர் தொழுவத்திலேயே பாய் போட்டுப் படுத்தார். அப்புறம் சரியாகிவிட்டது. 40 வயதில் சரியாகுமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

தேன்குழல் | 3 ஆகஸ்ட், பகல் 1:42

கேட்கவில்லை தம்பி.

ஸ்பானர் | 7 செப்டம்பர், இரவு 9:05

மொன்ஸா! எஃப் 1 வரலாற்றிலேயே வேகமான பந்தயம், ஜெயித்தது மேக்ஸ். ஒரு வாரம் முன்னால் ஸான்ட்ஃபோர்ட் முடிந்தபோது பியாஸ்ட்ரியைவிட 104 புள்ளி பின்னால் இருந்தவர். காருக்குப் புது ஃப்ளோர் (அடித்தளம்) வந்திருக்கிறது, அதோடு இன்னொன்றையும் மேக்ஸ் சொன்னார்: மெக்கீஸ் பொறியாளர் என்பதால் சரியான கேள்விகளைக் கேட்கிறார் என்று. பேரேடு அண்ணே, மேலாள் யார் என்பதும் முக்கியம்தானே? டூல் ரூமுக்குள் வருகிற மேலாளும் உண்டு, ஏ.சி. ரூமிலேயே இருக்கிற மேலாளும் உண்டு.

பேரேடு | 8 செப்டம்பர், காலை 8:40

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஃப்ளோர் ஜூலைக்குப் பிறகு பிறந்ததா, முன்பே கருவில் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. நல்ல காலத்துக்குப் புது மேலாள், கெட்ட காலத்துக்குப் பழைய மேலாள் என்று கணக்கு எழுதுவது எல்லாக் கடையிலும் வழக்கம். ஐயாவும் அதைத்தான் அடிக்கடி சொல்லிப் புலம்புவார்.

துபாய் பங்காளி | 15 அக்டோபர், இரவு 7:20

ரஸ்ஸல், ஆன்டனெல்லி இரண்டு பேரும் 2026-க்கு உறுதி. மெர்சிடீஸ் கதவு சாத்தியாச்சு. டர்போ, எங்கே இருக்கிறாய்?

டைம்பாஸ் டர்போ | 15 அக்டோபர், இரவு 7:21

தூங்குகிறேன்.

தேன்குழல் | 11 நவம்பர், இரவு 8:15

ஃபெராரி முதலாளி எல்கான், பிரேசிலில் இரண்டு காரும் முடிக்காமல் போன மறுநாள், ஓட்டுநர்கள் பேச்சைக் குறைத்து ஓட்டுவதில் கவனம் வைக்கட்டும் என்கிறார். பேரேடு ஐயா, இவர் ஊஞ்சலில் இருக்கிறவரா, பெட்டியடியில் இருக்கிறவரா? என் கடையில் முறுக்கு உடைந்து வந்தால் சுடுகிற பெண்ணைத் தெருவில் நின்று திட்டமாட்டேன். உள்ளே கூப்பிட்டு அச்சையும் மாவையும் பார்ப்பேன்.

பேரேடு | 11 நவம்பர், இரவு 9:00

ஊஞ்சலில் இருந்துகொண்டே தெருவுக்குக் கேட்கப் பேசுகிறவர், ஆச்சி. அந்த ரகமும் எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். அவருக்கும் மேலாளுக்கும் நடுவில் நல்ல கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்தால்தான் கடை நடக்கும்.

துபாய் பங்காளி | 27 நவம்பர், காலை 10:10

நியூவி 2026-ல் ஆஸ்டன் மார்ட்டின் அணித் தலைவர்! கார் வரைகிறவரே மேலாளும். ஆண்டி கௌவெல் வேறு பொறுப்புக்கு. இதில் ஸ்பானர் சந்தோஷப்பட வேண்டும்.

ஸ்பானர் | 27 நவம்பர், பகல் 2:30

சந்தோஷம் இல்லை அண்ணே, பயம். நல்ல மெக்கானிக்கைப் பிடித்து ஆபீஸில் உட்கார வைத்தால் லீவ் லெட்டரும் பில்லும் பார்த்தே அவன் கை போய்விடும். ஸ்ட்ரோலுக்கு யார் சொல்வது.

நடுமாடு | 2 டிசம்பர், இரவு 9:50

இரண்டாவது மாடு மாறியாச்சு. ரேசிங் புல்ஸிலிருந்து ஹஜார் மேலே ரெட் புல்லுக்கு, சுனோடா இனி ரிசர்வ். ரேசிங் புல்ஸில் லாசனோடு 18 வயது லின்ட்பிளாட். மேக்ஸ் பக்கத்தில் பூட்டுவதற்கு 2019-லிருந்து காஸ்லி, ஆல்பன், பெரஸ், லாசன், சுனோடா, இப்போது ஹஜார். ஆறு பேர். நுகத்தையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம்.

டைம்பாஸ் டர்போ | 7 டிசம்பர், இரவு 8:25

மெக்லாரனின் நாரிஸ் 423, மேக்ஸ் 421. நாரிஸ் சாம்பியன். இரண்டே இரண்டு புள்ளி. 104 புள்ளி பின்னால் இருந்தவர் இரண்டு புள்ளியில் தோற்றார். மெர்சிடீஸ் போவார் என்று எழுதிய என் கையை நானே அடித்துக்கொள்கிறேன்.

பேரேடு | 10 டிசம்பர், காலை 7:30

நேற்று ரெட் புல் ஆலோசகர் ஹெல்முட் மார்கோவும் கிளம்பிவிட்டார். 82 வயது. 2026 முடியும்வரை ஒப்பந்தம் இருந்தும் ஒரு வருடம் முன்னாலேயே. மாட்டஷிட்ஸின் பழைய நண்பர், அந்தக் காலத்து ஆள். வெட்டலிலிருந்து மேக்ஸ் வரை பெட்டியடிப் பையன்களைத் தேடிப்பிடித்து அடுத்தாளாக்கியவர் அவர்தான்.

ஜூலையில் நான் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பாதி விடை. ஹார்னர் ஒரு பக்கத்து ஆள் என்றால் மார்கோ மறுபக்கத்து ஆள் என்றுதானே இரண்டு வருடம் பேசினோம். ஐந்து மாதத்தில் இரண்டு பேரும் இல்லை. மிச்சம் இருப்பது யார்? கம்பெனி சார்பில் உட்கார்ந்திருக்கிற ஆலிவர் மின்ட்ஸ்லாஃப். பங்காளிகள் சண்டையில் ஒரு பங்காளி ஜெயித்தார் என்று நான் நினைத்தது தப்பு. இரண்டு வீட்டாரும் பேசி, பழைய ஆட்கள் இருவரையும் கணக்கு முடித்து அனுப்பிவிட்டு, மூன்றாவது ஆளிடம் சாவியைக் கொடுத்த மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. இது என் ஊகம், ஆதாரம் கேட்காதீர்கள். பினாங்குக் கடையிலும் கடைசியில் இப்படித்தான் ஆயிற்று. ஐயா திரும்பி வந்தபோது கொண்டுவந்த தகரப் பெட்டி இன்னும் பட்டாலையில் கிடக்கிறது, சாவி மட்டும் இல்லை.

நடுமாடு | 10 டிசம்பர், காலை 8:10

அப்படியென்றால் மேக்ஸை மேலே கொண்டுவந்த ஆளும் போய்விட்டார். இனி சாரதியைக் கட்டிப்போட என்ன கயிறு இருக்கிறது? இந்த இழையை மூடாதீர்கள்.

துபாய் பங்காளி | 10 டிசம்பர், காலை 11:00

கயிறு புது எஞ்சின்தான். அது ஓடினால் இருப்பார். அடுத்த வருடம் புது அணி கேடில்லாக்கோடு சேர்த்து 11 அணி, 22 கார். பெரஸும் பொட்டாஸும்கூடத் திரும்ப வருகிறார்கள். வதந்திக்குப் பஞ்சமே இல்லை. அது சரி, தேன்குழல் எங்கே?

தேன்குழல் | 10 டிசம்பர், பகல் 12:15

கணக்கு எடுத்துவிட்டேன். பேரேடு ஐயா, ஸ்பானர், நடுமாடு, துபாய்க்காரர், நான். அஜித் தம்பியும் ஒரு வரி எழுதியிருக்கிறது, சேர்த்துக்கொள்கிறேன். மொத்தம் ஆறு கிலோ. எனக்கு நானே சுட்டு நானே வாங்கிக்கொள்வேன், ஆனால் காசு டர்போதான் கொடுக்க வேண்டும். பாதி முன்பணம்.

டைம்பாஸ் டர்போ | 10 டிசம்பர், பகல் 12:40

பொங்கலுக்குப் பள்ளத்தூர் வருகிறேன் ஆச்சி. அஜித் வெறியனுக்குக் கால் கிலோ போதாதா?

ஸ்பானர் | 10 டிசம்பர், மாலை 6:05

பொங்கலுக்கு வேண்டாம், அடுத்த சீசனின் முதல் பந்தயமான மெல்போர்னுக்கு வையுங்கள். மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை, நம் நேரம் காலை 9:30. பட்டறையில் பெரிய டி.வி. வாங்கிவிட்டேன். ஷட்டர் பாதி இறக்கியிருக்கும், குனிந்து வாருங்கள்.